ஹாஸ்டலுக்கு நயா பைசா கிடையாது

"காலேஜ் ஃபீஸ் கட்டுவேன். ஹாஸ்டலுக்கு நயா பைசா கிடையாது. சொல்லிட்டேன்!"

நடுவீட்டில் நின்று அறிவித்தேன். சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருக்கிறவன் நான். பாக்கி கேட்டுக் கேட்டே குரல் முரட்டுக் குரலாகிவிட்டது. அன்றைக்குத்தான் கல்வராயன் மலையிலிருந்து வெள்ளையன் வந்து, உர பாக்கிக்குக் காசு தராமல், சாமை மூட்டைகளை இறக்கிவிட்டுப் போயிருந்தான். "இத எவன் துன்னுவான்?" என்று அவற்றை வீட்டுப் பின்பக்கம் போடச் சொல்லிவிட்டு, அதே கடுப்பில்தான் இந்த அறிவிப்பு.

என் மகள் தமிழ்ப்ரியாவுக்குச் சேலத்தில் பி.காம். சீட்டு கிடைத்திருந்தது.

"தினம் ரயில்ல போய்ட்டு வரட்டும். நான் படிக்கச்சொல்ல ஹாஸ்டல்லயா இருந்தேன்?"

"நீங்க எங்க படிச்சீங்க?" என்றாள் என் மனைவி கலையரசி.

"பேச்ச மாத்தாத!"

"சரிங்க. நீங்க தர வேணாம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. தட்டுகூட டொங்கென்று விழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவள் ஒரே பேச்சில் 'சரிங்க' சொன்னதே கிடையாது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகப்பட்டது சரிதான். காலேஜ் திறந்த அன்றே பெண் பக்கெட்டு, தலைகாணி சகிதம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

"யாருடி பணம் கட்டுனது?"

"மொத மாசம் என் சீட்டுக் காசு."

"அடுத்த மாசம்?"

"அதான் தர மாட்டேன்னுட்டீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு விசாரணை?"

அடுத்த மாசமும் கட்டியாகிவிட்டது. அவள் கழுத்தைப் பார்த்தேன், சங்கிலி இருந்தது. காதைப் பார்த்தேன், கம்மல் இருந்தது. மச்சானுக்கு போன் போட்டேன்.

"நானே கட்டலாம்னுதான் இருந்தேன் மாமா. உங்ககிட்ட கைமாத்து கேட்டு."

போனை வைத்துவிட்டேன்.

எனக்கு அவமானமாக இருந்தது. நான் பெத்த பெண்ணுக்கு எவனோ பணம் கட்டுகிறான், நான் கடையில் முதலாளி என்று உட்கார்ந்திருக்கிறேன்! அதுவும் தினம் காலையில் செருப்பு போடுகிற நேரம் பார்த்து, "ப்ரியா ஹாஸ்டல்ல நல்லா கீறாளாம். உங்க தயவு இல்லாமலே," என்பாள் கலையரசி. பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலோடு கடைக்குப் போவேன்.

எரிச்சல் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. என் கடைக்கு எதிரே செல்லமுத்துவின் டீக்கடை. அங்கே புதுசாகச் சாமை முறுக்கு வர ஆரம்பித்திருந்தது. அடடா! இன்னா மொறுமொறுப்பு!

"பொண்டாட்டி இன்னா பண்ணிக்கினு கீறான்னே தெரியல, செல்லமுத்து."

"தெரியாம இருக்கறதே நல்லதுண்ணே. இன்னொரு முறுக்கு?"

"ரெண்டா குடு."

கோபம் கம்மியான நாளில் நாலு. ஜாஸ்தியான நாளில் கணக்கே கிடையாது. கடைக்கு வருகிறவர்களுக்கும் வாங்கிக் கொடுத்து, என் வீட்டு அநியாயத்தைச் சொல்லுவேன். முறுக்கு இல்லாமல் அதை எவன் கேட்பான்?

ஒரு நாள் வீட்டுக்கே ஒரு பாக்கெட் கொண்டுபோனேன்.

"பாரு. இதுக்குப் பேருதான் முறுக்கு. போன தீபாவளிக்கு நீ சுட்டியே, அத வெச்சி செவுத்துல ஆணி அடிக்கலாம்."

ஒன்றைக் கடித்தாள். யோசித்து மென்றாள்.

"உப்பு கொஞ்சம் ஜாஸ்தி."

"உனக்கு இன்னா தெரியும்?"

மறுநாள் செல்லமுத்து கடை முறுக்கில் உப்பு கச்சிதமாக இருந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைக்கிறது? கூட ரெண்டு வாங்கித் தின்றேன்.

மூன்றாம் மாசம் பொறுமை போய்விட்டது.

"செல்லமுத்து, இந்த முறுக்கு சுடற அம்மா யாரு? என் பொண்டாட்டிய அந்தம்மாகிட்ட கத்துக்க அனுப்பப் போறேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"வேணாம்ண்ணே."

"சொல்லு. இல்லாட்டி நாளைலேந்து உன் கடையில முறுக்கு வாங்க மாட்டேன்!"

ஆள் நடுங்கிப் போய்விட்டான்.

"உங்க பக்கத்து வூட்டு பவுலினக்காதாண்ணே."

பக்கத்து வீடா! கடையைப் பாதி சாத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பவுலின் வீட்டுப் பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் கொதித்தது. பவுலின் அச்சில் மாவு பிழிந்துகொண்டிருந்தாள். வெந்ததை அரித்து எடுத்துக்கொண்டிருந்தது, சாட்சாத் என் கலையரசி. மூலையில் வெள்ளையன் போட்டுவிட்டுப் போன சாமை மூட்டை.

"ஏய்! இன்னாது இது?"

"ஹாஸ்டல் ஃபீஸுங்க," என்றாள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் மூலையிலிருந்த மூட்டையை இன்னொரு தரம் பார்த்தேன்.

"சாமை உங்க மூட்டை. பாதிக்கு மேல வாங்குறதும் நீங்கதான். நாங்க புழிஞ்சதோட சரி."

"அண்ணே கோவமா கடைக்கு வர்ற நாள்ல ரெண்டு ஈடு ஜாஸ்தி போவுது," என்றாள் பவுலின், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அதான் அண்ணி தெனம் காலைல உங்களக் கிளறிவுட்டு அனுப்புது."

அடிப்பாவி! செருப்பு போடுகிற நேரத்துப் பேச்சுக்கெல்லாம் இதுதானா காரணம்?

"இனிமே ஒரு முறுக்கு தொட மாட்டேன். இது சத்தியம்!"

"தொடாதீங்க. இந்த மாசம் ஃபீஸுக்கு இன்னும் கொஞ்சம் கொறையுது. ப்ரியாவ வூட்டுக்கு வந்துடச் சொல்லட்டா?"

போன ஞாயிற்றுக்கிழமைதான் பெண் போனில், "இங்க ரூம்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து படிக்கிறோம்ப்பா," என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தாள். அந்தக் குரல் காதிலேயே நின்றது. வண்டியைத் திருப்பினேன்.

"செல்லமுத்து, தட்டுல கீற முறுக்கு மொத்தமும் கட்டு."

அடுத்த வருஷம் என் பையன் தமிழ்வேந்தனும் காலேஜ் சேருகிறான். அதிரசமும் போடப் போகிறார்களாம்.