ஸ்ரான்லி அத்தானும் ஒரு பெட்டி பிளாக்பெரியும்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

பெருமதிப்புக்குரிய கிளறன்ஸ் அண்ணாவுக்கு,

ஆண்டவர் தயவால் இங்கே கறண்டும் தண்ணீரும் ஒரே நாளில் வருகின்றன. அங்கே இங்கிலாந்தில் உங்கள் முழங்காலும் அண்ணியின் ஹீற்றரும் குளிருக்குத் தாக்குப்பிடிக்க வேண்டுமென்று மன்றாடி எழுதுபவன், தம்பி கிளின்ரன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்பெரி என்ற பழத்தை நான் போன வாரம்வரை கண்ணால் கண்டதில்லை. ஆனால் முப்பது வருடமாக அதை எல்லோருக்கும் வாரி வழங்கியிருக்கிறேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பப்பா துறைமுகத்தில் யாரிடமோ வாங்கிவந்து கட்டிலுக்கடியில் போட்டிருந்த, வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரிகைக் கட்டிலிருந்து பொறுக்கியது. அந்தப் பத்திரிகைக்காரருக்கு எது கொஞ்சம் கூடினாலும் அது 'பிளாக்பெரிபோல மலிந்து கிடந்தது'. தேர்தலில் நின்றவர்கள், கடன்பட்டு ஓடிய வியாபாரிகள், கோர்ட்டில் சொன்ன சாக்குகள், கால்வாய் நுளம்புகள், எல்லாம் பிளாக்பெரி. இது இல்லாவிட்டால் ஆங்கிலமே இல்லை என்று நான் நம்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகையில் செத்தவர்களைப் புகழ்ந்து ஒரு பக்கம் வருமே, அதற்கு எங்கள் கோயில் பங்கில் எழுதுபவன் நான்தான். சவப்பெட்டிக்காரனுக்கு அடுத்ததாக எனக்குத்தான் போன் வரும். வாழ்நாளில் பல்லைக் காட்டாத ஒரு சுங்கக் கிளார்க்குக்குக்கூட, அவருடைய பகிடிகள் பிளாக்பெரிபோல இருந்தன என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அழுதார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வீடியோவில் பார்த்து அழுத அடக்கம் முடிந்த கையோடு, நம் றோஸி அக்காவின் புருஷனாயிற்றே என்று ஸ்ரான்லி அத்தானுக்கு உள்ளதிலேயே திறமாக ஒன்று எழுதினேன். 'அவருடைய உதவிகள் பிளாக்பெரிபோல எண்ணற்றவை' என்பதுதான் அதன் உச்சம். பத்திரிகைக்கு அனுப்பியதோடு நிறுத்தியிருக்கலாம். அங்கே அச்சாக ஒன்றிரண்டு வாரம் ஆகும், எனக்கோ பொறுக்கவில்லை. குடும்ப வட்ஸப் குழுவில் போட்டேன். அரசியல் சண்டையில் நீங்கள் அந்தக் குழுவைவிட்டு வெளியேறியபடியால் அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியாது. உங்கள் நாட்டு லெஸ்ரரில் படிக்கும் அத்தானின் மருமகள் நதீஷா உடனே பதில் போட்டாள். இந்தப் பழம் அங்கே றெயில் பாதையோரத்திலும் வேலிகளிலும் முள்ளுப்பற்றையாகத் தானாக முளைக்குமாம், யாரும் சல்லி கொடுக்காமல் பிடுங்கலாமாம், கீழே தொங்குவதை மட்டும் நாய்களை நினைத்து விட்டுவிடுவார்களாம். அன்று பின்னேரமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

"என்ர மனுசனை நாய் மூத்திரம் பெய்யிற வேலியில கொண்டுபோய் விட்டிட்டியே தம்பி?"

மலிவு என்பதல்ல அர்த்தம், நிறைய என்பதுதான் அர்த்தம் என்று விளக்கினேன். நிறைய என்றால் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்று என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைக்குப் போனார். அங்கே குளிர்ப்பெட்டியில், உப்புக் கிண்ணமளவு பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று. உள்ளே ஒரு கைப்பிடிக்கும் காணாத பழங்கள், பாதியில் வெள்ளைப் பூஞ்சணம். விலைச்சீட்டைப் பார்த்து நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வேறு இல்லையா என்று கேட்டதற்கு அங்கே நின்ற சிங்களக் கடைப்பொடியன், 'மேக்க விதரய்' என்றான். இது மட்டும்தானாம். அத்தான் செய்த உதவி இவ்வளவுதானா, அதிலும் பாதி அழுகலா என்று அக்கா கடைக்குள்ளேயே கேட்டார். பழம் வாங்க வந்த ஒரு பணக்கார நோனா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

இதோடு முடிந்திருக்கும். நதீஷா சும்மா இருக்கவில்லை. சாத்தான் வானத்திலிருந்து தள்ளப்பட்டபோது இந்தப் பற்றைமேல்தான் விழுந்தானாம், கோபத்தில் அதன்மேல் துப்பினானாம், ஆகவே அவனைத் தள்ளிய மிக்கேல் சம்மனசின் திருநாளுக்குப் பிறகு இங்கிலாந்தில் பழைய ஆட்கள் அதைத் தொடமாட்டார்களாம் என்று சிரித்துச் சிரித்து ஒரு குரல்பதிவு அனுப்பினாள். திருநாள் செப்ரெம்பர் கடைசியில். அத்தான் செத்தது ஒக்ரோபரில். அக்கா கலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அக்காவுக்கு என்னோடு கதைபேச்சில்லை. முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு சாப்பாட்டில் அத்தானைப் பற்றி நான் பேசக்கூடாதாம். அந்தப் பொறுப்பை ஹார்ட்வெயார் கடை பஸீர் நானாவிடம் கொடுத்துவிட்டார். ஊர்ப் பிணங்களுக்கெல்லாம் எழுதியும் பேசியும் வந்தவன் சொந்த அத்தானுக்குப் பேசாமல் புரியாணித் தட்டோடு மூலையில் இருந்தால் கொட்டாஞ்சேனையில் நான் எப்படி நடமாடுவது? சமாதானம் பேசப் போனேன். அக்கா கதவைப் பாதி திறந்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"காஸ் இல்லாத காலத்தில அஞ்சு வீட்டுச் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வெயிலுக்க கியூவில நிண்ட மனுசன். அதை எழுத உன்னட்ட இங்கிலீஷ் இல்லாமப் போச்சோ?"

அண்ணா, அந்தச் சங்கிலியில் ஒரு சிலிண்டர் என்னுடையது. படியிறங்கி வந்துவிட்டேன்.

ஆகவே உங்களிடம் ஒரு மன்றாட்டு. அங்கே பற்றை நிறையப் பிளாக்பெரி காய்த்துக் குலுங்கும் படங்கள் வேண்டும். இப்போது பருவம் முடிந்துவிட்டதாமே, அண்ணியின் போனில் பழைய படங்கள் இருந்தாலும் போதும். படத்தில் நாய் இருக்கக்கூடாது. பக்கத்தில் ஒரு பாதிரியார் நின்றால் விசேஷம். பூசைக்கு முன் வந்துசேர வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு அக்காவும் இல்லை, பேச்சும் இல்லை.

அண்ணிக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதா உங்கள் வீட்டையும் முழங்காலையும் காப்பாளாக.

தங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
கிளின்ரன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் இன்றைய பத்திரிகை வந்துவிட்டது. நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் போட்டிருக்கிறார்கள், அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு. தப்பினேன் என்று ஒரு பிளேன்ரீ ஊற்றினேன். குடிக்குமுன் அக்காவின் போன். என்னோடு கோபம் என்றாலும் வெளியே அவர் சொல்லிவைத்த கதை வேறாம்: பிளாக்பெரி அரண்மனையில் வைக்கிற பழம், தம்பி ஒருத்தனுக்குத்தான் இந்த இங்கிலீஷ் தெரியும் என்று கோயில் மரியாயின் சேனைப் பெண்களிடம் சொல்லி, அத்தனை பேருக்கும் இன்று பத்திரிகை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, அவற்ர பழத்தை ஆர் வெட்டினது? பத்திரிகை ஆசிரியருக்கு இண்டைக்கே எழுது" என்றார்.