கூடை முனி

எங்கள் தோட்டத்துச் சாமிகளில் ஒன்று நான்.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சாமிகளுக்குப் பஞ்சமே கிடையாது. செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கும்பிட ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி, தேயிலை ஃபேக்டரிச் சக்கரத்துக்கு ரோதை முனி. அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது கூடை முனி. வருஷா வருஷம் அதற்குப் பொங்கல் உண்டு. (சாமியாக இருப்பதில் ஒரு சங்கடம், நமக்கு வைத்த பொங்கலை நாமே வரிசையில் நின்று வாங்க வேண்டும்.)

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பங்களாவில் வெள்ளைக்காரத் துரைதான் இருந்தார். அம்மாவின் கொழுந்துக் கூடை அடி இற்றுப்போய், பறித்த கொழுந்து வழியெல்லாம் சிந்தியது. துரை கொடுத்தனுப்பிய புதுக் கூடைகள் கங்காணி வீட்டுப் பின்னறையில் அடுக்கிக் கிடந்தன. அவர் அவற்றைக் காய்கறிக்காரர்களுக்கு விற்கிறார் என்பது நாங்கள் குடியிருந்த லயம் முழுக்கத் தெரியும். கேட்கத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அம்மா மட்டும் கேட்டாள்.

"புதுசெல்லாம் வரல. திங்கக்கெழம ஒழுங்கான கூடை இல்லாம மலைக்கு வந்தா ஒனக்குப் பேர் கெடையாது" என்றுவிட்டார் கங்காணி. பேர் இல்லை என்றால் அன்றைய சம்பளம் இல்லை. எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அம்மா ஒருத்திதான்.

"நானே அடி பின்னித் தர்றேம்மா" என்றேன்.

"ஒனக்கு ஒன் சடையவே பின்னத் தெரியாது. கூடை பின்னப் போறாளாம்!"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தோட்டத்தின் கீழ்ப்பகுதியான கீழ்க்கணக்கு லயத்தில் கூடை பின்னும் சன்னாசி மாமாவை ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தவள் நான். மூங்கில் பிளாச்சுகளை மேலே ஒன்று கீழே ஒன்றாக விடுகிறார், இழுக்கிறார், வளைக்கிறார். இதில் என்ன பெரிய வித்தை? ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போனதும் கூடையின் அடியைப் பிரித்துப் போட்டேன். பிரிக்கிற வேலை அருமையாக வந்தது. (அந்தத் திறமை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.) பிறகு பிளாச்சுகளை உள்பக்கமாக வளைத்தேன். பாதி முறிந்தன, பாதி என் முகத்தில் அடித்தன. அவற்றை முதல் நாளே தண்ணீரில் ஊறப் போட வேண்டுமாம். முதல் நாள் நான் போய்ப் பார்க்கவில்லையே!

ஓட்டை எவ்வளவு பெரிதாகிவிட்டது என்று பார்க்க, அடிப்பக்கமாகத் தலையை நுழைத்தேன். நுழைந்தது. வெளியே எடுக்கத்தான் முடியவில்லை. உள்ளே மடங்கிய பிளாச்சு முனைகள் எலிப்பொறி மாதிரி கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன.

சன்னாசி மாமாவிடம் ஓடினால் தலையையும் எடுத்துவிடுவார், இருட்டுவதற்குள் அடியும் பின்னிவிடுவார் என்று நினைத்தேன். தூறல் போட்டது. அப்பா விட்டுச் சென்ற கறுப்புக் கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். கழுத்துக்குக் கீழே கம்பளி, மேலே கூடை, முகம் கிடையாது, வழி பார்க்கப் பின்னல் இடுக்கு மட்டும்.

கீழ்க்கணக்குக்குப் போகும் பாதை மயானத்தை ஒட்டிப் போகும். அன்றைக்குப் பனிமூட்டம் கீழேயிருந்து ஏறி வந்து, பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்தது. கூடைக்குள் என் மூச்சே வேறு யாரோ விடுவது போலக் கேட்டது. மயானத்தைத் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம். நான் நின்றேன். அது இன்னும் ஓரடி வைத்துவிட்டு நின்றது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது. மூங்கில் நெரிகிற மாதிரி ஒரு சத்தமும் கூடவே வந்தது. என் கூடைதான் நெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கலாம் என்றால் கழுத்து திரும்பவில்லை.

வளைவில் கங்காணி எதிரே வந்தார், கையில் கருவாட்டுப் பையோடு. என்னைப் பார்த்தார். பை விழுந்தது, பிறகு அவரும் விழுந்தார்.

"சாமீ..."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "கூடை வேணும்! எங்களுக்குக் கூடை வேணும்!" என்று கதறினேன். கூடைக்குள்ளிருந்து அது குடத்துக்குள் பேசியது போல முழங்கியது.

"குடுத்துர்றேன் சாமி! ஒண்ணு விடாம குடுத்துர்றேன்! புள்ளகுட்டிக்காரன் சாமி!"

கும்பிட்ட கையோடு மெல்ல நிமிர்ந்தவர், என் தலைக்கும் மேலே எதையோ பார்த்தார். அவர் போட்ட அலறலில் என் அழுகையே நின்றுவிட்டது. கருவாட்டை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்து ஓடினார்.

அலறல் கேட்டு, கடையிலிருந்து அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா ஓடி வந்தாள். பெற்ற மகளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, கூடை தெரிந்துவிட்டது. "அடிப்பாவி! என் கூடைய என்னடி பண்ணுன?" என்று கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. என் பின்னால் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடிக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "திரும்பிப் பாக்காம நட" என்றாள். வீட்டுக்கு வந்து கவ்வாத்துக் கத்தியால் கூடையை வெட்டி என்னை எடுத்தாள். ஆக, கூடை ஒரேயடியாகப் போனது.

மறுநாள் காலை அம்மா வெறுங்கையோடு, பேர் பதிகிற பெரட்டுக்குப் போனாள். என்ன ஆகுமோ என்ற பயத்தில் நானும் பின்னாலேயே போனேன். பெரட்டுக் களத்தில் புதுக் கூடைகள் மலையாகக் குவிந்திருந்தன. கங்காணி காய்ச்சலோடு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொன்றாகத் தன் கையாலேயே கொடுத்தார். முனி கேட்டதை அவர் சொல்லச் சொல்ல, எனக்கும் அம்மாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு முனிங்க" என்றார் கங்காணி. "முன்னால சின்னது. அதுதான் அழுதுக்கிட்டே கூடை கேட்டுச்சு. பின்னால பெருசு. அதுக்கும் மூஞ்சி இல்ல, தலைக்குக் கூடைதான். அது ஒண்ணும் பேசல. சின்னது அழுவுறப்ப பெருசு அதோட தலைமேல கைய வச்சுக்கிட்டு நின்னுச்சு."

அம்மாவின் முந்தானை வாயிலிருந்து இறங்கியது. அவள் சிரிக்கவில்லை.

அந்த வளைவில் முனிகளுக்கென்று நட்ட இரண்டு கல் இன்றைக்கும் இருக்கிறது. வீட்டில் என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் எனக்குப் பெயர் "சின்ன முனி"தான். நான் எதையாவது தைக்கவோ பின்னவோ எடுத்தால், "அப்பத்தா, மொதல்ல கழுத்த வெளிய வச்சுக்கங்க" என்கிறார்கள். சின்னக் கல்லுக்கு நானே சிரித்துக்கொண்டு தேங்காய் உடைப்பேன்.

பெரிய கல்லைப் பற்றி அம்மாவிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "அன்னைக்கு என் பின்னால யாரம்மா பாத்த?"

அம்மா புதுக் கூடையை இறக்கி வைத்தாள்.

"யாரா இருந்தா என்னடி? கூடை வாங்கிக் குடுத்துச்சுல்ல? போயி கும்பிட்டுட்டு வா."

கும்பிடுகிறேன். வரும்போது திரும்பிப் பார்ப்பதில்லை.