ராணிக்கு எண்பது சதவீதம் தள்ளுபடி

சாத்தூர்,
18-11-2006.

மாப்பிள்ளை முத்துப்பாண்டிக்கு அத்தான் சுந்தரபாண்டி எழுதிக்கொள்வது.

சிவகாசியில் உங்கள் அச்சாபீசில் அடித்து விற்கும் ‘பிரிட்டிஷ் நாணயங்கள்: விலைக் கையேடு’ என்ற புத்தகத்தில் ஒவ்வொரு காசுக்கும் ஐந்து மடங்கு விலையைப் போட்டு, அக்கா புருஷன் என்றும் பாராமல் என்னை நகைக்கடைத் தெருவில் தலைகுனிய வைத்துவிட்டீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி எழுதுகிறேன். இங்கு நானும் உங்கள் அக்கா குருவம்மாளும் மகள் மாரிசெல்வியும் நலம். அங்கு உங்கள் நலமும் பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். அச்சாபீஸ் நலத்தை அறிய அவ்வளவு ஆவல் இல்லை.

தை மாதம் செல்விக்குக் கல்யாணம் என்பது தாய்மாமனான உங்களுக்குத் தெரியும். என் அய்யா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பவுன் காசு என்னிடம் இருப்பதும் தெரியும். 1894ஆம் வருசத்துக் காசு, முக்காடு போட்ட விக்டோரியா ராணி. அதை உருக்கிச் செல்வியின் சங்கிலியில் சேர்த்துவிட வேண்டும் என்று உங்கள் அக்கா நிற்கிறாள். உருக்கினால் அது வெறும் தங்கம், உருக்காமல் வைத்தால் சேகரிக்கிறவர்கள் தேடிவந்து எடைக்கு மேல் கொடுப்பார்கள் என்பது என் கட்சி. “யாரு குடுப்பா, எம்புட்டுக் குடுப்பான்னு அச்சுல காட்டுங்க, விட்டுர்றேன். ராணியப் பெட்டிக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா மக கழுத்து நெறஞ்சிருமாக்கும்” என்றாள். அன்றைக்குக் கிளம்பினேன் நம்பகமான விலைக் கையேட்டைத் தேடி.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஒன்று கிடைத்தது. லண்டனில் அச்சானது, படமெல்லாம் தெளிவு, ஆனால் விலை முழுவதும் ஷில்லிங்கும் பென்ஸுமாக இருந்தது. எதிர் வீட்டு ஜெயசீலி டீச்சரிடம் கொண்டுபோனேன். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் இந்த ஒரு பவுன் காசின் விலை மூன்று பவுன் என்று புத்தகத்தில் இருப்பதாகச் சொன்னார். ஒரு பவுனின் விலை எப்படி அம்மா மூன்று பவுனாகும் என்று கேட்டதற்கு, அந்தக் கணக்கையே வெள்ளைக்காரன் இப்போது விட்டுவிட்டான் சார், நீங்களும் விட்டுவிடுங்கள் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவைத்தார். நான் விடவில்லை. பஜாரில் மாரிக்கண்ணன் வைத்திருக்கும் இன்டர்நெட் கடைக்குப் போனேன். அவன் ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு விலை, அடுத்த பக்கத்தில் அதில் பாதி, மூன்றாவது பக்கத்தில் ராணி வராமல் குதிரைப் பந்தயம் வந்தது, பிறகு கரண்டு போய்விட்டது. இந்த நிலையில்தான் நீங்கள் தமிழிலேயே ஒரு கையேடு அடித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சென்னையில் யாரோ ஒரு டாக்டர், வாழ்நாள் முழுவதும் காசு சேர்த்தவர் எழுதியது என்றார்கள். நம் மாப்பிள்ளை அச்சில் பொய் வருமா என்று இரண்டு பிரதி வாங்கினேன். அதையும் எனக்கு முழு விலைக்குத்தான் கொடுத்தீர்கள்.

புத்தகத்தைத் திறந்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது மாப்பிள்ளை. ‘விக்டோரியா, முக்காடு, தங்கம்’ என்ற வரிக்கு நேரே ஒரு சங்கிலியே வாங்கக்கூடிய விலை. பக்கத்திலேயே ‘ஒரு பாக்ஸ்’ என்று போட்டிருந்தது. வெல்வெட் பெட்டியோடு கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்துவிட்டு வாயடைத்துப்போனாள். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் காணாத காட்சி அது. அதே வேகத்தில் இன்னொரு பிரதியை மதுரையில் இருக்கும் சம்பந்தி வெள்ளைத்துரைக்கு அனுப்பி, சங்கிலிக்குப் பதிலாக இந்தக் காசையே செல்விக்குப் போடுகிறோம், விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

பிறகு காசையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஆசாரி கடைக்குப் போனேன், என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல். அவர் தராசில் போட்டுவிட்டு, “எட்டு கிராமுக்கு ஒரு பொட்டுக் கொறையுதே அய்யா” என்றார். பவுன் என்ற பேரே இந்தக் காசால்தான் வந்தது, தப்பு காசில் இல்லை, உங்கள் எட்டில்தான் என்றேன். அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். உங்கள் பைண்டிங் பசையின் லட்சணத்தில் கடைசிப் பக்கம் அட்டையோடு ஒட்டிக்கிடந்தது. நகை எடுக்கும் சாமணத்தால் நுனியைக் கிளப்பிப் பிரித்து, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்: “மேற்கண்ட விலையில் எண்பது சதவீதம் தள்ளுபடி. லாரி வாடகை தனி. தீக்குச்சி அருகில் வைக்கக் கூடாது.”

கொலுசு வாங்க வந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள்.

உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். நீங்கள் வெளியே போயிருந்தீர்களாம். கம்ப்யூட்டரில் உட்காரும் யோபுதான் பேசினான். தீபாவளி சீசனில் வெடி விலைப்பட்டியல் ஆர்டர் குவிந்து கிடந்ததாம், அந்தப் பட்டியலிலேயே வெடிப் பெயர்களை எடுத்துவிட்டுக் காசுப் பெயர்களைப் போட்டானாம், வெடிக்குப் போட்ட ‘பாக்ஸ்’ அப்படியே நின்றுவிட்டதாம், விலையை அது தானாகவே ஐந்தால் பெருக்கிக்கொண்டதாம். நூறு என்று அச்சடித்து இருபதுக்குக் கொடுப்பது வெடிக்கு நம் ஊர் வழக்கம், இல்லையென்று சொல்லவில்லை. ராணிக்குமா தள்ளுபடி என்று கேட்டேன். “கழிச்சுப் பாருங்க சார், டாக்டர் எழுதுன வெல பைசா சுத்தமா வரும். தப்பு எங்கன இருக்கு?” என்கிறான். கழித்துப் பார்த்தேன், அவனுக்காக அல்ல. உருக்கினால் ஆசாரி தரும் விலையைவிட அப்போதும் கூடத்தான் இருக்கிறது. ஆனால் சங்கிலி விலை இல்லை. உங்கள் அக்காவோ இனி அச்சில் எது வந்தாலும் நம்புவதாக இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை காசு பட்டறைக்குப் போகிறது.

ஆகவே நடக்க வேண்டியது இது. யோபு இன்றே உட்கார்ந்து எல்லா விலையையும் ஐந்தால் வகுத்துப் புதுப் பக்கங்கள் அடிக்க வேண்டும். ‘பாக்ஸ்’ என்ற சொல் ஒரு ராணிக்குப் பக்கத்திலும் இருக்கக் கூடாது. சென்னை டாக்டர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் நேரில் வந்து, தவறு உங்களுடையது, காசின் மதிப்பு உண்மை என்று உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டும். அப்படியே ஆசாரி கடைக்கும் வந்து, அவர் வாசித்த அதே சத்தத்தில் திருத்தத்தை வாசிக்க வேண்டும். சம்பந்திக்கு விவரத்தை நான் எழுத மாட்டேன், நீங்கள்தான் எழுத வேண்டும். உங்கள் அக்கா செய்ய வேண்டியது ஒன்றுதான், வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்குள்ள ஆசி வியாழக்கிழமை நேரில்.

இப்படிக்கு,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டுகிற நேரத்தில் சம்பந்தி மதுரையிலிருந்து போன் செய்தார். “காச உருக்கிறாதீக சம்பந்தி. சங்கிலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ராணி ஒருத்தி வந்தாப் போதும்” என்றார். உங்கள் அக்கா காசுக்குச் சந்தனம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். புத்தகத்தைக் கடைசிவரை படித்தீர்களா என்று அவரிடம் மெல்லக் கேட்டேன். கடைசித் தாள் அட்டையோடு ஒட்டியிருக்கிறது, நல்ல புத்தகத்தை எதற்குக் கிழிக்க வேண்டும் என்றார். ஆகவே மேலே எழுதியவற்றில் எதையும் செய்ய வேண்டாம். யோபு அந்தப் பட்டியலைத் தொடக் கூடாது. சம்பந்தியின் அண்ணனும் ஒரு பிரதி கேட்கிறாராம். கடைசிப் பக்கம் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்பவும்.