நான்காம் வரிசையின் உறக்கம்

பிரசங்கம் பாதியை எட்டுமுன்பே நான்காம் வரிசை உறங்கிவிட்டது. முதியவர் டௌவே குறட்டை விட்டார். அவருக்கு அப்பால் மூன்று தலைகள் முற்றிய கதிர்களெனச் சாய்ந்திருந்தன.

அந்நாள்களில் எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத் தேவாலயங்களில் பிரசங்கம் தொடங்கியதும் பெப்பர்மிண்ட் டப்பா கைமாறும். கண்கள் போதகர்மீதிருக்க, விரல்களே மிட்டாயைத் தேடிக்கொள்ளும். அன்று டப்பாவை அனுப்பியவன் வூபோ. அது வெறுமையாகத் திரும்பியபோதுதான் அவனுக்கு நினைவு வந்தது. காலையில் அதற்குள் மனைவி சீட்ஸ்கேயின் மாத்திரைகளை அவனே கொட்டி வைத்திருந்தான்.

சீட்ஸ்கே ஐந்து மாதக் கர்ப்பிணி. தலைமகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் உயிருக்குப் போராடியவன். இம்முறை ஸ்கேனில் கருப்பைவாயின் நீளம் குறைந்திருப்பது தெரிந்தது.

"இது புரோஜெஸ்டிரோன். கர்ப்பத்தைத் தாங்க உடம்பே சுரக்கிற பொருள்தான்," என்றார் மருத்துவர். "தினம் ராத்திரி உள்ளே வெச்சுக்கணும், முழுங்கினா தூக்கம்தான் வரும். கண்டிப்பா தடுக்கும்னு சொல்லமாட்டேன். சீக்கிரம் பிறக்கிற வாய்ப்பு குறையலாம்."

நாள்தோறும் படகுகளுக்காகத் தூக்குப்பாலத்தைத் திறந்துவிடும் வூபோ, இந்த ஒரு வாயில் மட்டும் மூடியே இருக்கவேண்டுமென்று பாடாத சங்கீதமில்லை. ஆராதனைக்குப் பின் வீட்டுக்குக் காப்பிக்கு வருவோர் கண்ணில் படாதிருக்கவே மாத்திரைகளை டப்பாவுக்கு மாற்றினான். உதவிக்கு வந்திருந்த தங்கை ஹில்ட்சே, புறப்படும் வேளையில் அதே டப்பாவை அவன் கோட்டுப் பையில் போட்டாள். கைப்பழக்கம் மீதியைச் செய்தது.

ஆராதனை முடிந்ததும் டௌவேயிடம் ஓடினான்.

"மிட்டாய் எப்படி இருந்துச்சு, பெரியப்பா?"

"எப்பவும்போலத்தான்டா. ஏன், நீ செஞ்சதா?"

"தலை சுத்துதா?"

"பிரசங்கம் முடிஞ்சதுல இருந்து தெளிவா இருக்கேன்."

வாசலில் போதகர் முகம் வாடி நின்றார். "ஒரு வரிசையே தூங்கிடுச்சு, வூபோ. நான் வேற வேலை பார்க்கட்டுமா?"

மனம் பொறாத வூபோ, அவர் காதில் உண்மையைச் சொன்னான்.

"மருந்தா?" போதகரின் முகம் விடியலாயிற்று. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீ முதல்ல ராத்திரி மருந்துக்கு வழி பாரு."

ஞாயிறன்று திறந்திருந்த மருந்தகம் பக்கத்து நகரமான லேவார்டனில்தான். அங்கிருந்த பெண் புருவம் உயர்த்தினாள்.

"போன வாரம்தானே வாங்கினீங்க?"

"நாலு பேர் தின்னுட்டாங்க."

"கர்ப்பிணிகளா?"

"சபை மூப்பர்கள்."

அவள் சிரிக்கவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, வேறொரு பெட்டியைத் தந்தாள். "அவங்க நல்லாத் தூங்கி எழுந்திருப்பாங்க. பயப்படாதீங்க."

வீட்டு வாசலில் பெட்டியைத் தங்கையின் கையில் திணித்தான். "அண்ணி மேஜையில வெச்சிடு. ஒண்ணும் கேக்காதே."

சொற்சிக்கனமான ஃப்ரீஸ்லாந்துப் பெண்ணாதலால் அவளும் கேட்கவில்லை.

ஐயம் நீங்கிய போதகர், மறுவாரமே பிரசங்கத்தைக் கால்மணி நேரம் நீட்டினார். நான்காம் வரிசையோடு ஐந்தாம் வரிசையும் சாய்ந்தது.

"மருந்து இன்னும் உடம்புல தங்கியிருக்கு போல," என்று வூபோவின் தோளைத் தட்டினார். வூபோ தலை குனிந்தான்.

நாள் நிறைந்து, ஆப்பிள் பழுக்கும் பருவத்தில் பௌக்யே பிறந்தாள். அவள் முதல் அழுகையைக் கேட்டு வூபோ பாலத்தையே மறந்தான். மூன்று படகுகள் காத்திருந்து சங்கு ஊதின. அந்த ஒலி இன்றும் என் செவியில் இனிக்கிறது.

பெண் வளர்ந்தாள், போதகர் ஓய்வுபெற்றார். பிரிவு விருந்தில் பௌக்யேயே அவருக்குக் காப்பி ஊற்றினாள். அவளைக் கண்டதும் அவர் நெகிழ்ந்து, இத்தனை ஆண்டு காத்த இரகசியத்தைச் சபையறியச் சொல்லி முடித்தார்.

"ஆகவே, என் பிரசங்கத்துல யாரும் தானாத் தூங்கினதே இல்லை."

சீட்ஸ்கே கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஹில்ட்சே கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போதகரய்யா, மாத்திரையெல்லாம் அன்னைக்குக் காலையிலயே அண்ணி மேஜையில திருப்பி வெச்சிட்டேன், அந்த டப்பாவுல நான் நிரப்பினது வெறும் பெப்பர்மிண்ட்தான்."