ஒன்றும் கேட்காத கருவண்டு

சிரமமில்லாப் பிரியர் என்றொரு இனம் உண்டு. பாசம் வேண்டும், பாடுபடக் கூடாது. நாய் என்றால் தினமும் நடத்திக் கூட்டிப்போக வேண்டும், பூனை என்றால் கோபித்துக்கொள்ளும், மீன் என்றால் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் ஒரு டப்பா மணலும் ஒரு கருவண்டும் வாங்கி வந்து, "தண்ணிகூட வேணாமாம்!" என்று மார்தட்டுவார்கள்.

ஜப்பானில் நகோயா நகரத்து ஹிரோகாவா இந்த இனத்துக்கே மகுடம். அவருடைய வண்டின் பெயர் கோம்பெய். தொட்டால் போதும், கால்களை விறைத்துக்கொண்டு செத்ததுபோல் மல்லாந்துவிடும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தேநீருக்கு முன்னால் கோம்பெய்தான் வரும்.

வண்டு வளர்ப்போர் சங்கத்தில் ஆண்டுதோறும் செத்ததுபோல் நடிக்கும் போட்டி. கடைசிவரை அசையாத வண்டுக்குக் கோப்பை. அந்தக் கோப்பை தமக்குத்தான் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் ஹிரோகாவா. கோப்பை வராவிட்டால் அங்கே தலைகாட்ட முடியாது.

போட்டியன்று காலை மனைவி சனாயே டப்பாவை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, இது அசையவே இல்லையே! குளிர்காலம் பூரா நான் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருந்தேனே, அதுக்குத் தின்ன காரட் போட்டீங்களா?"

"ஒத்திகை பாக்கறான். நீ கண்ணு வைக்காதே."

மண்டபத்தில் மற்ற வண்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து நடையைக் கட்டின. கோம்பெய் அசையவில்லை. நடுவர் ஊதிப் பார்த்தார். தூரிகையால் தடவிப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரியானது. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் நாலு பேர் நடுவில் ஒரு மனிதரின் முகம் வாடும்படி பேசுவார்களா? குனிந்து வணங்கினார்கள்.

"என்ன கட்டுப்பாடு!"

"எங்க வண்டுங்களுக்குப் பொறுமையே கிடையாதுங்க."

கோப்பையைக் கொடுத்த சங்கத் தலைவர் வேறு வழியில்லாமல், வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "இவ்வளவு தூரம் கொண்டுவர என்னவெல்லாம் கவனிச்சுக்கிட்டீங்க?"

"ஒண்ணுமே செய்யலீங்க!"

யாரோ இருமினார்கள். சனாயே தரையைப் பார்த்தாள். தான் சொன்னது அப்போதுதான் ஹிரோகாவாவின் காதில் விழுந்தது. டப்பாவைத் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

"சனாயே... நடிக்கிறான்தானே?"

"வாங்க, வீட்டுக்குப் போகலாம். கோப்பையை நீங்க எடுத்துக்குங்க. அவனை நான் எடுத்துக்கறேன்."

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நன்றாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் தொந்தரவே தராத ஒரு ஜீவன் இருக்குமே, "அதுக்கு ஒண்ணும் வேணாம், அது பாட்டுக்கு இருக்கும்" என்று ஊரெல்லாம் பெருமையடிப்பீர்களே, சிரித்து முடித்ததும் போய் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.