டாக்டர் இடியும் பெர்னிஸின் வியாழக்கிழமைகளும்

ஊரையே காப்பாற்றுகிற டாக்டர் இடியை, இந்தத் தடவை நான் காப்பாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

டாக்டர் இடி என் சித்திரக்கதை நாயகன். நியூயார்க் பத்திரிகைக் கடைகளில் மாதம் ஒருமுறை தொங்குவார். பகலில் மனநல மருத்துவர். ஊருக்கு ஆபத்து என்றால் சிவப்பு அங்கியை மாட்டிக்கொண்டு பறந்துபோய் உதைப்பார். உதைக்கிற பக்கங்களில் ஒரு குறையும் இல்லை. வைத்தியம் பார்க்கிற பக்கங்கள்தான் படுத்துவிட்டன. நோயாளி படுக்கலாம். கதை படுக்கலாமா?

பத்திரிகை ஆசிரியர் டர்க்கின் என்னைக் கூப்பிட்டு இதழை மேஜையில் வீசினார்.

"யோவ் க்ருப்னிக், நீ மனநல டாக்டர் யாரையாவது பார்த்திருக்கியா?"

"இல்ல சார்."

"பார்த்திருக்கணும். உன் டாக்டர் நாலு பக்கமா 'ம்ம்'னு மட்டும்தான் சொல்றான். அதை மாடு கூடச் சொல்லும். இன்னும் மூணு இதழ். தேறலைன்னா இடியும் கிடையாது, நீயும் கிடையாது."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானே ஒரு டாக்டரிடம் போய் உட்கார்ந்து கவனிக்கலாம். ஆனால் போன இடத்தில், உனக்கு நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டால்?

அப்போதுதான் அந்தப் பிரமாதமான யோசனை உதித்தது. பிராங்க்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஓர் இலவச மருத்துவமனை. வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் வாக்ஸ்பெர்க் என்ற மனநல மருத்துவர் வருவார். என் மனைவியை அனுப்பினால் என்ன?

"சும்மா நோயாளி மாதிரி போய் உட்காரு பெர்னிஸ். அவர் பேசறதை அப்படியே மனசுல வாங்கிட்டு வா."

"எனக்கு என்ன நோய்?"

"எதையாவது கண்டுபிடி."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கண்டுபிடிக்க வேற வேணுமா? பதினோரு வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றேன்னு சொன்னாப் போதாது?"

முதல் வியாழக்கிழமை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே என்ன சொல்கிறாளோ? என் குறட்டையையா? நான் அம்மாவுக்குத் தினமும் போன் பண்ணுவதையா? பெர்னிஸ் கன்னம் சிவக்க, உற்சாகமாகத் திரும்பி வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"புருஷன்தான் தட்டு கழுவணும்னாரு."

"அதை எப்படிக் கதையில போடறது?"

"கதையில எதுக்கு? போய்க் கழுவு. அப்புறம் இன்னொண்ணு சொன்னாரு. 'உங்க கோபம் ஊர் மேல இல்ல. நீங்க வீட்டுக்குள்ள வரும்போது யாரும் தலை நிமிர்ந்து பார்க்கலை, அதான்'னாரு."

நான் தலை நிமிராமல் வேகவேகமாக எழுதிக்கொண்டேன்.

நகரத்தையே பனியில் உறையவைத்த வில்லனிடம் டாக்டர் இடி அந்த வார்த்தையைச் சொன்னார். வில்லன் விக்கி விக்கி அழுதான். வாசகர்களும் அழுதிருக்கிறார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதம்.

"யாருய்யா உனக்கு வசனம் சொல்றது?" என்றார் டர்க்கின்.

"ஒரு பெரிய மனநல டாக்டர் சார். நம்ம கைக்குள்ள இருக்காரு."

வாரா வாரம் வசனம் வந்தது. கூடவே எனக்குப் பத்தியமும் வந்தது. வியாழக்கிழமை சமையல் புருஷன் பொறுப்பு. மனைவி எங்கே போய்விட்டு வந்தாள் என்று துருவக் கூடாது. மாமியார் வந்தால் புருஷன் சோபாவில் படுக்க வேண்டும்.

"உங்க அம்மா வரப்போறது டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

"மனநல டாக்டராச்சே. மனசுல இருக்கறது தெரியாதா?"

சோபாவில் படுத்துக்கொண்டு நடுங்கினேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் என்னை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருக்கிறாரே!

மூன்றாவது இதழ் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தது. "அந்த ஆளைத் திங்கட்கிழமை கூட்டிட்டு வா. வேலைக்கு வெச்சுக்கறேன்" என்றார் டர்க்கின். அந்த வியாழக்கிழமையே நான் மருத்துவமனைக்கு ஓடினேன்.

"மிசஸ் க்ருப்னிக்கா?" டாக்டர் வாக்ஸ்பெர்க் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு தடவை வந்தாங்க. 'நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர், வேணும்னா அவரை அனுப்பறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நீங்கதானா அவர்? உட்காருங்க, உட்காருங்க."

நான் உட்காரவில்லை. வாசலுக்குப் பாய்ந்தேன். எதிர்ச்சாரியில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்த்து விளையாடுகிற ஒரு பவுலிங் கூடம். கண்ணாடி வழியாகப் பார்த்தால், பச்சைச் சட்டை போட்ட ஏழெட்டுப் பெண்கள். நடுவில் கையில் பந்தோடு பெர்னிஸ்.

"அப்போ டாக்டர் சொன்னதெல்லாம்?" என்றேன் உள்ளே ஓடி, மூச்சிரைக்க.

"நான் சொன்னது."

"தட்டு?"

"அதுவும்தான்."

"ஐயோ! டர்க்கினுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் லியோ. நேத்து நீ இல்லாதப்போ அவரே போன் பண்ணாரு. வசனம் யாருதுன்னு கேட்டாரு. பெரிய மனுஷன்கிட்ட எதுக்குப் பொய்னு, என்னுதுதான்னுட்டேன். திங்கட்கிழமை நான் வேலையில சேர்றேன்." பந்தை உருட்டிவிட்டாள். பத்துக் கட்டையும் ஒரே அடியில் சாய்ந்தன.

இப்போது கதை, வசனம் பெர்னிஸ். படம் மட்டும் நான். முதல் வேலையாக அவள் டாக்டர் இடிக்குக் கல்யாணம் பண்ணிவைத்தாள். இனிமேல் பறந்துபோய் உதைப்பதெல்லாம் அவர் பெண்டாட்டிதானாம். டாக்டர் இடி வீட்டில் நின்று அவள் அங்கிக்கு இஸ்திரி போடுகிறார். அந்தப் படத்தைப் பெர்னிஸ் மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டாள், இஸ்திரி சரியில்லை என்று.