கிளட்ச் இல்லாத வண்டியே உத்தமம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். மற்றதைக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அப்பா போய் எட்டு மாதமாகியும் அம்மா வாசல் கேட்டைத் தாண்டவில்லை, அவர் விட்டுப்போன இரண்டு பழைய கார்களையும் ஓட்டிப் பார்த்து, அவள் ஓட்டப் பழகத் தோதானதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். சுலபமான வேலை என்று நம்பித்தான் இறங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் நீல வண்டி. கையால் கியர் போடுவது, பின்சக்கரம் தள்ளுவது. ஈர ரோட்டில் வளைத்தால் பின்பக்கம் தனியாக ஊர் சுற்றக் கிளம்பும். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வழக்கம்போல என் கால் தடுமாறியது. ஆனால் வண்டி பின்னால் உருளவும் இல்லை, அணையவும் இல்லை, என் காலுக்கடியில் கிளட்ச் தானாகப் பதமாக மேலே வந்தது. ஸ்பிரிங் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கியருக்கு முன்னால் லீவரை நியூட்ரலில் இரண்டு தட்டுத் தட்டுவாரே உன் அப்பா, நான்கூட எத்தனை கேலி பண்ணியிருப்பேன், அதே இரண்டு தட்டு என் உள்ளங்கைக்குள். நான் தட்டவில்லைப்பா. வண்டியை நேராக மெக்கானிக்கிடம் விட்டேன். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள்தான் வெளுத்திருக்கிறீர்கள் என்கிறான்.

அடுத்தது வெள்ளை. ஆட்டோமேட்டிக், முன்சக்கரம் இழுப்பது. மழையில்கூடச் சாதுவாகப் போகிறது. மிதித்தால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். கிளட்சே கிடையாது என்பதால் இடது காலை மடக்கிக்கொண்டு நிம்மதியாகப் போனேன். மேடு வந்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் விரித்த மிதியடி மெதுவாக அமுங்கியது, எழும்பியது, மறுபடி அமுங்கியது. செருப்பளவு பள்ளம், உன் அப்பா சைஸ். பாவம் மனுஷன், இல்லாத கிளட்சைத் தேடுகிறார். வண்டியோ அவரைச் சட்டை பண்ணாமல் தானே கியர் மாற்றிக்கொண்டு போகிறது. சிரித்துவிட்டேன். பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

ஆகவே வெள்ளையை வைத்துக்கொள்வோம், அதில் அவர் கைவரிசை செல்லாது. நீலத்தை வாங்க நாளைக் காலை பத்து மணிக்கு ஆள் வருகிறார். அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். பயப்படுவாள் என்று பார்த்தால், ஒரே கேள்விதான் கேட்டாள்.

"எந்த வண்டில அவரு நல்லா ஓட்டுறாரு?"

சொன்னேன். எழுந்து போய், நல்ல புடவையாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

நீயும் குடும்பமும் நாலு சக்கரமும் தரையில் இருக்க நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கோணல் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மாமா

பி.கு.: கவரை ஒட்டுமுன் இதையும் சேர்க்கிறேன். காலை ஒன்பதரை. நீல வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். கேட் திறந்து கிடந்தது. எட்டு மாசம் கழிச்சு உங்கம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கி, "வர லேட்டாகும்டா, அந்த வெள்ளையை வித்துடு" என்றாள். வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தெருமுனை திரும்பிப் போய்விட்டது. அவள் உட்கார்ந்திருந்தது பக்கத்து சீட்டில்.